சைலன்சர் ஆடம்பரப் பொருள் அல்ல

வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் மாடும் கலப்பையும் செய்துவந்த வேலையை இன்று பெரும்பாலும் செய்வது, லான்ட்மாஸ்ரர் என்று நாம் அழைக்கும் இருசக்கர உழவு இயந்திரமே. அது உழுகிறது. பெட்டியைப் பூட்டினால் எருவும் வெங்காயமும் ஏற்றுகிறது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டபோது மூட்டை முடிச்சுகளையும் வயோதிபரையும் சுமந்த வாகனங்களுள் அதுவும் ஒன்று. அந்த இயந்திரத்தைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. அதன் புகைக்குழாய்ச் சத்தத்தைத் தேவைக்கு மேல் பொறுத்துக்கொள்கிறோம் என்பதே எமது கருத்து.

துருப்பிடித்து ஓட்டையான சைலன்சரை மாற்றாமல் விடுவது ஒரு பழக்கம். வேண்டுமென்றே அதைக் கழற்றி வெறும் குழாயுடன் ஓட்டுவது இன்னொன்று. 'சத்தம் கூடினால் இழுவை கூடும்' என்ற நம்பிக்கை இதற்குக் காரணம். சிலிண்டரில் எரிந்த வாயு, வால்வு திறந்ததும் மிகுந்த அழுத்தத்தோடு வெளியே பாய்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு வெடிச்சத்தம். சைலன்சருக்குள் இருக்கும் அறைகளும் துளையிட்ட குழாய்களும் வாயுவை விரியவிட்டு அந்த அதிர்ச்சியைத் தணிக்கின்றன. அளவறிந்து செய்த சைலன்சர் இழுவையை உணரத்தக்க அளவு குறைப்பதில்லை. நாம் கேட்கும் பெரிய சத்தம் கலப்பைக்குப் போய்ச் சேரும் பலமன்று.

நட்டம் முதலில் ஓட்டுபவரின் காதுக்கே. 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளில் 8 மணி நேரம் நிற்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்றும் தொழிற்சுகாதார அறிஞர் வகுத்துள்ளனர். அதன்படி 91 டெசிபெலில் 2 மணி நேரமே பாதுகாப்பானது. லான்ட்மாஸ்ரரின் கைபிடியைப் பிடித்து நடப்பவர் இயந்திரத்துக்கு மிக அருகில் முழுநாளும் நிற்கிறார். இரைச்சலால் கெட்ட செவிப்புலன் திரும்பி வருவதில்லை. அது நோகாமல், சிறிது சிறிதாகப் போவதால் எவரும் வைத்தியரிடம் செல்வதுமில்லை.

அடுத்த நட்டம் அயலுக்கு. இடம்பெயர்ந்த குடும்பங்கள் நெருக்கமான கொட்டில்களிலோ உறவினர் வளவுகளிலோ இருந்துகொண்டு, தூரத்தில் குத்தகைக் காணி செய்யப் போகின்றன. விடியப்புறம் புறப்படும் இயந்திரம் கைக்குழந்தையை எழுப்புகிறது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையைக் குழப்புகிறது. இடம் தந்த ஊரவருக்கும் வந்தவருக்கும் இடையே மனக்கசப்பு வளர இத்தகைய சிறு காரணமே போதும். மேலும் எமது காதுகள் சாதாரணக் காதுகளல்ல. 1987 ஒக்டோபரில், கொக்குவில் இந்துக் கல்லூரியில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீதே ஷெல் விழுந்தது. அந்தத் தலைமுறைக்கு, புகைக்குழாயில் திடீரெனக் கேட்கும் வெடி வெறும் சத்தமன்று.

சட்டமும் இதைக் கவனித்துள்ளது. வலிகாமத்து மக்கள் தென்மராட்சியிலிருந்து வீடு திரும்பிய அதே 1996ஆம் ஆண்டில், கொழும்பில் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வெளியாயின. பிரதேச சபைப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என அவை எல்லை வகுத்தன. ஓரிடத்தில் நின்று இயங்கும் இறைப்பு மிசின் வைத்திருப்போர் இதை மனதில் கொள்வது நல்லது. எனினும் சட்டத்துக்குப் பயந்து செய்வதிலும் அயலவரை நினைத்துச் செய்வதே மேல்.

செய்யவேண்டியவை கடினமானவையல்ல. இயந்திரம் ஆறியபின், சைலன்சர் பொருந்தும் இடத்தைப் பாருங்கள். அங்கே கரிக்கோடு தெரிந்தால் வாயு கசிகிறது. கேஸ்கட்டை மாற்றி நட்டுகளை இறுக்குங்கள். சிறு ஓட்டையை ஒட்டலாம். தட்டும்போது உள்ளே கலகலத்தால் உட்தகடுகள் கழன்றுவிட்டன. ஒட்டிப் பயனில்லை, புதிதே வேண்டும். ஊர்க் கராஜில் செய்விப்பதானால் அதன் கொள்ளளவு சிலிண்டரின் கொள்ளளவைப் போலப் பல மடங்கு இருக்கவேண்டும். வெளிக்குழாய் பழையதிலும் ஒடுங்கக்கூடாது. சத்தத்தை அடக்கக் குழாய்க்குள் எதையும் அடைக்கவேண்டாம். இயந்திரம் மூச்சுத்திணறிச் சூடேறும், கரும்புகை தள்ளும், டீசலும் கூடச் செலவாகும். குழாயின் வாய் ஓட்டுபவரின் முகத்துக்கு எதிர்ப்புறமாக இருக்கட்டும். இவ்வளவும் செய்தபின்னும் நீண்டநேரம் ஓட்டுபவர் காதுக் கவசம் அணிய வேண்டும். வெறும் பஞ்சு போதாது. இன்னொரு நன்மையும் உண்டு. சைலன்சர், கனலும் கரித்துகள்களில் பலவற்றைத் தடுத்துவிடும். கிடுகு வேலியும் வைக்கோற் போரும் உள்ள இடத்தில் இது சிறிய காரியமல்ல.

'சோற்றுக்கே வழியில்லை, சைலன்சருக்கு எங்கே போவது?' என்று கேட்பது நியாயமே. ஆகவே எமது வேண்டுகோள் விவசாயியிடம் மட்டுமல்ல. வாழ்வாதார உதவியாக உழவு இயந்திரமும் இறைப்பு மிசினும் கொடுக்கும் நிறுவனங்கள், திருச்சபை அமைப்புகள் உட்பட, சைலன்சரின் பராமரிப்பையும் உதவியின் ஒரு பகுதியாகக் கணக்கிடவேண்டும். கமக்காரர் அமைப்புகள் போகத்துக்கு முன் ஒருநாள் ஒரு கராஜ்காரரை அழைத்து எல்லா இயந்திரங்களையும் ஒன்றாகப் பார்ப்பித்தால் ஒருவர் மேல் விழும் செலவு குறையும். காணியையும் வீட்டையும் இழந்தவருக்குச் செவிப்புலனாவது மிஞ்சட்டும். அதைக் காப்பது எமது கையில் இருக்கிறது.