பொத்தானுக்கு முன்னே பேனா

ஒரே இருபது எண்கள். ஒரு வழியில் கணக்கிட்டால், இரண்டு தூக்க மருந்துகளுக்கும் இடையே தெளிவான வேறுபாடு இருப்பதாக முடிவு வருகிறது. இன்னொரு வழியில் கணக்கிட்டால், அப்படிச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று வருகிறது. கணினி இரண்டு விடைகளையும் ஒரே வேகத்தில் திரையில் காட்டிவிடும். எது பொருத்தமான கணக்கு என்பதை, பொத்தானை அழுத்தியவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எஸ்பிஎஸ்எஸ், ஆர், எக்செல் என்று இத்தனை மென்பொருள்கள் இருக்கும்போது கருதுகோள் சோதனைக் கணக்கை மாணவர்கள் கையால் போடுவது வீண் வேலை என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. அந்த இருபது எண்களை ஒருமுறை தாளில் எழுதிப் பார்த்தால் இந்தப் பேச்சு எவ்வளவு தவறு என்பது புரியும்.

அந்த எண்கள் பிறந்த இடம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூவில் இருந்த மனநலக் காப்பகம். அங்கிருந்த நோயாளிகளுக்குத் தூக்க மருந்துகளைக் கொடுத்து, வழக்கத்தைவிட எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்று குறித்து, கஷ்னி, பீபிள்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1905இல் வெளியிட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, அவர்களில் பத்துப் பேரின் கணக்கை வில்லியம் சீலி காசெட் கையில் எடுத்தார். டப்ளின் நகரின் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்தவர் அவர். ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிட நிறுவனம் விடாததால் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதினார். சில அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நம்பி முடிவெடுக்கலாம் என்பது ஆலையில் அவருக்கு இருந்த அன்றாடச் சிக்கல். தன் சூத்திரத்தைச் சரிபார்க்க, 3000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடது கை நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக 750 குழுக்கள் பிரித்துக் கணக்குப் போட்டார். இன்றைய டி-சோதனையின் வேர் அந்த உழைப்பில் இருக்கிறது.

இனி கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு நோயாளியும் இரண்டு மருந்துகளையும் வெவ்வேறு இரவுகளில் சாப்பிட்டவர். இரண்டாம் மருந்தில் கூடிய தூக்கத்திலிருந்து முதல் மருந்தில் கூடிய தூக்கத்தைக் கழித்தால் பத்து வித்தியாசங்கள் கிடைக்கும்: 1.2, 2.4, 1.3, 1.3, 0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. கூட்டினால் 15.8, சராசரி 1.58 மணி. ஒவ்வொரு வித்தியாசமும் இந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, விலகலை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 13.616. அதை 9ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்டவிலக்கம் 1.23. அதைப் பத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப்பிழை 0.389. கடைசியாக 1.58ஐ 0.389ஆல் வகுக்க, டி மதிப்பு 4.06.

சராசரி வித்தியாசம் தன் திட்டப்பிழையைப் போல நான்கு மடங்கு இருக்கிறது என்று பொருள். மருந்துகளுக்குள் வேறுபாடே இல்லை என்ற இன்மைக் கருதுகோளை 5 சதவீத அளவில் தள்ளிவிட, அட்டவணைப்படி 2.262ஐத் தாண்டினாலே போதும்.

இதே எண்களை, இருபது தனித்தனி ஆட்களிடம் எடுத்தவை என்று கணினியிடம் சொல்லிவிட்டால் டி மதிப்பு 1.86ஆகச் சரிந்துவிடும். அங்கே தாண்ட வேண்டிய எல்லை 2.101. ஏன் இந்தச் சரிவு? ஆறாவது, ஏழாவது நோயாளிகள் எந்த மருந்தைக் கொடுத்தாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கினார்கள். இரண்டாவது நோயாளியோ முதல் மருந்தில் வழக்கத்தைவிட 1.6 மணி குறைவாகத் தூங்கினார். ஆளுக்கு ஆள் இருக்கும் இந்தப் பெரிய ஏற்றத்தாழ்வில் மருந்தின் வித்தியாசம் அமிழ்ந்துபோகிறது. ஒருவரின் எண்ணை அவருடைய மற்றோர் எண்ணிலிருந்து கழித்தவுடன் அந்த ஏற்றத்தாழ்வு விலகிவிடுகிறது. கழித்தலைத் தானே செய்த மாணவருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கைக்கணக்கு இன்னொன்றையும் காட்டும். ஒன்பதாவது நோயாளியின் வித்தியாசம் 4.6 மணி. இரண்டாம் மருந்துக்கு மிகவும் ஆதரவான எண் அதுதான். அதை நீக்கினால் டி மதிப்பு குறையும் என்றே யாரும் நினைப்பார்கள். போட்டுப் பார்த்தால் 5.66ஆக ஏறுகிறது! வர்க்கப்படுத்தும் இடத்தில் பேனா வைத்தவருக்குக் காரணம் தெரியும்: 13.616 என்ற கூட்டுத்தொகையில் ஒன்பதுக்கு மேல் அந்த ஒரே ஆளிடமிருந்து வந்தது. சராசரியை உயர்த்தியதைவிடச் சிதறலை அவர் அதிகமாக உயர்த்திவிட்டார். அதற்காக அவரைக் கணக்கிலிருந்து நீக்குவது முறையல்ல. ஆனால் அப்படி ஒருவர் இருக்கிறார் என்பது ஆய்வாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பழக்கம் விட்டுப்போனதன் விளைவு ஆய்விதழ்களிலேயே தெரிகிறது. எட்டு உளவியல் இதழ்களில் 1985 முதல் 2013 வரை வந்த கட்டுரைகளை ஆராய்ந்து, 2016இல் ஓர் ஆய்வு வெளியானது. இத்தகைய சோதனைகளைப் பயன்படுத்திய கட்டுரைகளில் ஏறத்தாழ பாதியில், அச்சிட்ட சோதனை மதிப்புக்கும் அதன் அருகே தந்திருந்த நிகழ்தகவுக்கும் குறைந்தது ஓரிடத்திலாவது பொருத்தமில்லை. எட்டில் ஒரு கட்டுரையில், முடிவையே மாற்றக்கூடிய அளவுக்குப் பிழை இருந்தது. அட்டவணையைப் புரட்டத் தெரிந்த இளங்கலை மாணவரே பல பிழைகளைப் பிடித்திருக்க முடியும்.

ஐயாயிரம் வரிகள் கொண்ட தரவைக் கையால் கணக்கிடச் சொல்வது மடமை. அதைக் கணினிதான் செய்ய வேண்டும். தேர்வுத்தாளில் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் கொடுத்துவிட்டுச் சூத்திரத்தில் போடச் சொல்வதாலும் பயனில்லை. ‘கணக்கிட்ட மதிப்பு அட்டவணை மதிப்பைவிட அதிகம், எனவே நிராகரிக்கிறோம்’ என்ற வரியை மனப்பாடமாக எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். மாணவர் மூல எண்களைப் பார்த்திருக்கவே மாட்டார்.

பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியது எளிது. பத்துப் பன்னிரண்டு மூல எண்களைக் கொடுத்து, எந்தச் சோதனை பொருந்தும் என்பதை மாணவரே தேர்ந்தெடுத்து முதலிலிருந்து கணக்கிடும்படி ஒரு கேள்வியாவது கேட்கலாம். வர்க்கமூலத்துக்குக் கால்குலேட்டர் இருக்கட்டும். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்விலும், ஆய்வேட்டில் உள்ள சோதனை ஒன்றைச் சில எண்களை வைத்துக் கரும்பலகையில் போட்டுக்காட்டச் சொல்ல வேண்டும். அதைச் செய்ய முடியாதவரின் கையில் பட்டத்தைக் கொடுத்து அனுப்பக் கூடாது.