மல்லனுக்கும் நா உண்டு

உடல் வலிமை மிக்கவனுக்கு அறிவு குறைவு என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. அது பொய். அப்பொய் நம் வகுப்பறைக்குள்ளும் புகுந்துவிட்டமை அதனினும் கொடிது.

இப்பொய்யை ஊட்டி வளர்த்ததில் திரைப்பட உலகிற்குப் பெரும்பங்கு உண்டு. அமெரிக்க மல்லர் மைக் மசுர்க்கி நியூயார்க்கின் மன்ஹாட்டன் கல்லூரியிலே பயின்றவர். ஹாலிவுட் அவருக்குத் தந்த வேடங்களோ, பெரும்பாலும் அடியாளும் மந்தமதி படைத்த முரடனுமே. ஹரோல்ட் சகாட்டா 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் பளுதூக்கி வெள்ளிப் பதக்கம் வென்றவர்; பின்னர்த் தொழில்முறை மல்லரானவர். 1964இல் வெளிவந்த 'கோல்ட்ஃபிங்கர்' படத்திலே அவர் ஏற்றது, தொப்பியை வீசிக் கொல்லும் பேசாத ஏவலாளின் வேடம். தோளை விரும்பியவர்கள் நாவை வேண்டாம் என்றார்கள்!

நம் நாட்டோடு தொடர்புடைய மல்லர் ஒருவரையும் எண்ணிப் பாருங்கள். 1928இல் பஞ்சாபில் பிறந்த தாராசிங், இளமையிலே சிங்கப்பூர் வந்து, ஆலையில் உழைத்தவாறே மற்போர் பயின்றார். நம் காஜாங்கிற்கு அண்மையிலுள்ள கோலாலம்பூரிலேதான் தர்லோக் சிங்கை வீழ்த்தி மலாயாவின் வெற்றிவீரர் ஆனார். இந்தித் திரையுலகமும் முதலில் அவருடைய புயவலிமையையே நாடியது. ஆயினும், 1987இல் தொடங்கிய 'இராமாயணம்' தொலைக்காட்சித் தொடரிலே அவர் அனுமனாகத் தோன்றினார். 2003 முதல் 2009 வரை இந்திய மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகவும் வீற்றிருந்தார். பேசுவதற்கென்றே அமைந்த அவை அன்றோ அது?

"அனுமன் வேடமும் உடற்கட்டுக்காகக் கிடைத்ததுதானே?" எனச் சிலர் வினவலாம். ஆம், ஆனால் அனுமன் யார்? கடலைத் தாவிய அவ்வீரனைக் கம்பர் 'சொல்லின் செல்வன்' என்றே போற்றினார். வலிமையும் வாக்கும் ஓருடலில் வாழும் என்பதற்கு நம் இலக்கியமே சான்று.

இதனைப் பாடமாக நடத்தும் நாம் செய்வது என்ன? பருத்த உடல் கொண்ட மாணவனைக் கடைசி வரிசையில் அமர்த்துகிறோம். மேசை நாற்காலி சுமக்க அவனை அழைக்கிறோம். ஆண்டு விழா நாடகத்திலே அவனுக்கு அரக்கன் வேடம். இல்லையேல் வாயிற்காவலன் வேடம். பேச ஒரு வரியும் இல்லை. ஹாலிவுட் செய்த அநீதியையே நாமும் செய்கின்றோம். அவர்களாவது ஊதியம் கொடுத்தார்கள்!

தோட்டங்களிலே பால்மரம் வெட்டிய கைகள் எழுப்பியவையே நம் தமிழ்ப்பள்ளிகளுள் பல. அக்கைகளின் வழிவந்த பிள்ளையின் உடலுரத்தை மடமையின் அடையாளமாகக் கருதுவது, அவன் பெற்றோரையே இழிப்பதாகும்.

ஆசிரியப் பெருமக்களே, அடுத்த பேச்சுப் போட்டிக்குப் பெயர் எழுதும்போது கடைசி வரிசையிலிருந்து தொடங்குங்கள். மாணவச் செல்வங்களே, உங்களுள் வலியவன் பேச எழுந்தால் நகையாதீர்கள். அவன் சொல்வதைக் கேட்டபின் மதிப்பிடுங்கள்.