சீட்டுக் குலுக்கும் கணினியை நம்பலாமா?

புனே மாதிரி ஊரில் பொட்டி தட்டிக்கொண்டு இருந்தால் ஒரு வேலை தானாகவே தலையில் விழும். சொசைட்டியில் கார் பார்க்கிங் குலுக்கலா, பொங்கல் விழாவில் லக்கி டிராவா, "நீங்கதான் சாஃப்ட்வேர்ல இருக்கீங்களே, சின்னதா ஒரு ப்ரோக்ராம் போட்டுக் கொடுங்க சார்" என்பார்கள். ஜாவாஸ்க்ரிப்டில் இரண்டு வரிதான். ஆனால் அந்த இரண்டு வரிக்குள் அநியாயம் நுழைய நாலைந்து வாசல் இருக்கிறது.

முதலில் சரியான முறை. மேத்.ரேண்டம் என்பது 0-வில் தொடங்கி 1-ஐத் தொடாத ஓர் எண்ணைத் தரும். அதை மொத்தப் பெயர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, மேத்.ஃப்ளோர் போட்டு தசமத்தை வெட்டிவிட வேண்டும். 10 பெயர் என்றால் 0 முதல் 9 வரை ஏதோ ஒன்று வரும். எல்லோருக்கும் 10-ல் 1 வாய்ப்பு.

இதையே 9-ஆல் பெருக்கி ரவுண்ட் செய்தால்? முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும் 18-ல் 1 வாய்ப்பு, நடுவில் இருப்பவர்களுக்கு 9-ல் 1. 9-ஆல் பெருக்கி ஃப்ளோர் செய்தால் இன்னும் மோசம். கடைசி ஆளுக்கு ஆயுளுக்கும் விழாது! எர்ரர் எதுவும் வராது, ஏதோ ஒரு பெயர் வரும், எல்லோரும் கைதட்டுவார்கள்.

டேட்டாபேஸில் வேறு வகைக் கூத்து. நடுவில் சிலரை நீக்கியதால் 1, 2, 3, 10 என்று நான்கு எண்கள்தான் மிச்சம் என்று வையுங்கள். 1 முதல் 10-க்குள் ஓர் எண்ணை எடுத்து, "அந்த எண், இல்லையென்றால் அதற்கு அடுத்தவர்" என்று தேடினால், 10-ஆம் எண்காரருக்கு 10-ல் 7 வாய்ப்பு. மற்ற மூவருக்கும் தலா 1.

பெரிய கம்பெனிகள் இப்படிச் செய்யாது என்று நினைக்காதீர்கள். ஐரோப்பிய ஆணையத்திடம் ஒப்புக்கொண்டபடி, 2010-ல் மைக்ரோசாஃப்ட் பல பிரவுசர்களைக் கலைத்துப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. சார்ட் செய்யும்போது ஒப்பிடும் இடத்தில் ரேண்டமை நுழைத்துக் கலைத்திருந்தார்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அந்தப் பக்கத்தைத் திறந்தால், ஐந்து இடங்களில் கடைசி இடத்துக்கு ஏறக்குறைய பாதித் தடவை அந்த எக்ஸ்ப்ளோரரே வந்தது. ஐ.பி.எம்.மின் ராப் வியர் இதை அலசி எழுதினார். பிறகு மைக்ரோசாஃப்ட் திருத்தியது. ஃபிஷர்-யேட்ஸ் என்ற பழைய முறையைப் பயன்படுத்தியிருந்தால் இந்த வம்பே இல்லை.

பார்க்கிங்கோடு போனால் பரவாயில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளுக்கான 25% இடங்கள் மகாராஷ்டிராவில் ஆன்லைன் குலுக்கலில்தான் நிரப்பப்படுகின்றன. ம்ஹாடா வீடுகளும் அப்படித்தான். அங்கே பெயர் விழாத அப்பா "நம்ம ராசி" என்று தலையெழுத்தை நொந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அது ராசியா, ரவுண்டா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

என் கட்சி இதுதான். குலுக்கல் கோடு ரகசியமாக இருக்கக் கூடாது. பெயர்ப் பட்டியலை முன்பே ஒட்ட வேண்டும். எல்லோர் முன்னாலும் 10,000 முறை ஒத்திகை ஓட்டி, யாருக்கு எத்தனை முறை விழுந்தது என்று காட்ட வேண்டும். நிஜக் குலுக்கல் ஒரே தடவைதான், "நெட் போச்சு, மறுபடி அழுத்தறேன்" கதை வேண்டாம். வீடு, பள்ளி என்றால் மேத்.ரேண்டமும் போதாது. ஊகிக்க முடியாத எண் தரும் கிரிப்டோ.கெட்ரேண்டம்வேல்யூஸ்தான் சரி.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் இருக்கும் குடவோலை முறையை நினைத்துப் பாருங்கள். சபை கூடியிருக்க, விவரம் அறியாத சிறுவன் ஓலையை எடுக்கவேண்டும். வாங்குபவர் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையைக் காட்டி வாங்கவேண்டும். பராந்தக சோழன் காலத்துப் பானைக்கே அத்தனை கெடுபிடி. நம் லேப்டாப்புக்குக் கொஞ்சமாவது வேண்டாமா?

அடுத்த குலுக்கலில் கோடைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் இன்னொரு தடவை கேளுங்கள் :-)