பக்கத்து ஊர் கத்தரிக்காய் கோயம்பேடு சுற்றி வருவது ஏன்? வேடந்தாங்கல் சொல்லும் வழி

செங்கல்பட்டு:

காலையில் பறித்த கீரை மதியத்துக்குள் வாடி விடும். அதனால் கீரையை தூரத்தில் இருந்து கொண்டு வர முடியாது. பக்கத்தில் விளைந்தால்தான் ஏழை வீட்டு சட்டிக்கு வரும்.

வேடந்தாங்கல், மதுராந்தகம் பகுதியில் நெல்லும் கோடையில் தர்பூசணியும் பேர் போனவை. ஏரிப்பாசன நிலம், கிணறு, உழைக்கிற ஜனம் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் தாம்பரம், கூடுவாஞ்சேரி பக்கம் உள்ள சில்லரை கடைக்காரர்கள் பலரும் விடியற்காலையில் கோயம்பேட்டுக்குத்தான் ஓடுகிறார்கள். வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன் எல்லாம் கடைசியில் வாங்குபவர் தலையில்தான் விழுகிறது.

ஒரே மார்க்கெட்டை நம்பினால் என்ன ஆகும் என்பதை கொரோனா காட்டி விட்டது. 2020 மே மாதம் கோயம்பேடு மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு மாறியது. வரத்து குறைந்தது, விலை எகிறியது. செப்டம்பர் கடைசியில்தான் கோயம்பேடு மீண்டும் திறந்தது. அந்த மாதங்களில் பல குடியிருப்புகளில் ஜனங்களே ஒன்று சேர்ந்து, விவசாயிகளிடம் போன் போட்டு மொத்தமாக வாங்கி பங்கு பிரித்தார்கள்.

உழவர் சந்தை என்ன ஆச்சு?

இடைத்தரகரை ஒழிக்க 1999-ம் ஆண்டு நவம்பர் 14-ந்தேதி மதுரை அண்ணாநகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. முதல்-அமைச்சராக இருந்த கருணாநிதி திறந்து வைத்தார். அடையாள அட்டை உள்ள விவசாயிக்கு மட்டுமே இடம். கடைக்கு வாடகை இல்லை, தராசும் இலவசம். விவசாயிக்கு மொத்த விலையை விட சுமார் 20 சதவீதம் கூடுதல், வாங்குபவருக்கு வெளிக்கடையை விட சுமார் 15 சதவீதம் குறைவு என்பது கணக்கு.

நல்ல திட்டம்தான். ஆனால் சந்தை களை கட்டுவது காலையில். மறைமலைநகர், ஒரகடம் கம்பெனிகளுக்கு விடியலிலேயே ஷிப்டுக்கு கிளம்புகிறவர் எப்போது சந்தைக்குப் போவது? சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் அதே கதைதான். அவர்கள் கையில் காசு வருவதே சாயங்காலம்தான். 2022-23 வேளாண் பட்ஜெட்டில் மாலை நேர விற்பனைக்கு அறிவிப்பு வந்தது. ஆனால் அது பெரும்பாலும் சிறுதானியம், பருப்பு, எண்ணெய்க்குத்தான். கீரைக்காரிக்கு அதில் இடமில்லை.

ஊர் கூடினால் தேர் நகரும்

வேடந்தாங்கலில் பறவையைக் காத்தது போலீசா? இல்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமானது. அதனால் ஊரே பறவைக்கு காவல் நின்றது. வேட்டையைத் தடுக்கக் கோரி கிராமத்தார் போராடி, 1798-ல் அப்போதைய கலெக்டர் லயோனல் பிளேசிடம் உத்தரவே வாங்கினார்கள். 2022-ல் ராம்சர் அந்தஸ்தும் கிடைத்தது. இரண்டு பக்கமும் லாபம் இருந்தால் கட்டுப்பாடு தானாக நிற்கும் என்பதற்கு இதை விட என்ன சாட்சி வேண்டும்?

காய்கறிக்கும் இதே கணக்குதான். கேரளாவில் 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ பெண்கள், குழுவாக நிலத்தை குத்தகைக்கு எடுத்து காய்கறி போடுகிறார்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே தர்மபுரியில் மகளிர் சுய உதவிக்குழு தொடங்கியாச்சு. இங்கு ஆளும் இருக்கு, குழுவும் இருக்கு. கிராமத்து குழுவையும் நகரத்து தெருவையும் இணைக்கும் கயிறுதான் இல்லை.

தெருவுக்கு 30 குடும்பம் சேர்ந்து, வாரம் இவ்வளவு கீரை, இவ்வளவு கத்தரிக்காய் எடுக்கிறோம் என்று வாக்கு கொடுத்தால் போதும். விவசாயிக்கு விற்காமல் போகுமோ என்ற பயம் இல்லை. வாங்குபவருக்கும் திடீர் விலையேற்ற பயம் இல்லை. ஆனால் விலை சரியும் நாளில், வெளியில் 5 ரூபாய் மலிவு என்று தெருக்காரர் ஓடினாலோ, விலை ஏறும் நாளில் விவசாயி வியாபாரியிடம் போனாலோ எல்லாம் பாழ். இது மாதிரி முயற்சிகள் பல இடங்களில் படுத்துப் போவது இதனால்தான்.

ஆகவே விலையை இரு தரப்பும் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். பஸ் நிலையம், ரெயில் நிலையம் பக்கம் சாயங்காலம் 5 மணி முதல் 8 மணி வரை கீரை, காய்கறி விற்க உள்ளாட்சி அமைப்புகள் இடம் ஒதுக்க வேண்டும். செலவு பெரிதாக ஒன்றும் இல்லை. ஷிப்டு முடிந்து வருகிறவர் கையில் ஒரு கட்டு பச்சைக் கீரையோடு வீட்டுக்குப் போகலாம்.