முகவீணையும் ஃபஸ் கிட்டாரும்

இந்த இதழில் எட்டுப் பக்கம் ராக் இசைக்குப் போயிருக்கிறது. காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூரிலிருந்து வரும் சிற்றிதழுக்கு இது வேண்டாத வேலை என்று சந்தாதாரர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும்.

1970இல் ‘எழுத்து’ சிற்றிதழ் நின்றது, ‘கசடதபற’ சிற்றிதழ் தொடங்கியது. அதே ஆண்டு வெளியான ‘சிம்லா பீட்’ போட்டியின் இசைத்தட்டில் மெட்ராஸ் பையன்களின் ‘கன்ஃப்யூஷன்ஸ்’ குழுவும் இருக்கிறது. சிம்லா சிகரெட்டை விற்கப் புகையிலைக் கம்பெனி நடத்திய அகில இந்தியப் போட்டி அது. இறுதிச் சுற்று நடந்தது பம்பாய் சண்முகானந்தா ஹாலில். தென்னிந்தியர்கள் கர்நாடக சங்கீதத்துக்காக எழுப்பிய சபாவில் சைகடெலிக் ராக்! சிகரெட் காசு இல்லையென்றால் அந்தச் சத்தம் பதிவாகியே இருக்காது. கல்கத்தாவில் எழுபதுகளின் நடுவில் தொடங்கிய ‘மொஹீனெர் கோராகுலி’ ராக் குழு வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாஸின் கவிதையிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டது. நம் பையன்கள் பாடியதோ ஆங்கிலத்தில். நம் கவிஞர்களின் காதும் வேறு பக்கம் இருந்தது.

வேறு பக்கம் என்றால் கூத்தின் பக்கம். கசடதபறக்காரர்களில் ஒருவரான ந. முத்துசாமி தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் போய்ச் சேர்ந்தார். 1977இல் அவருடைய நாடகக் குழுவான கூத்துப்பட்டறை பிறந்தது. முத்துசாமியின் காது சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது என்பது எங்கள் கட்சி.

காரணம் ஒலியில் இருக்கிறது. சைகடெலிக் ராக்கின் ஃபஸ் கிட்டாரில் நடப்பது இதுதான். கம்பியின் மின் அலையை அளவுக்கு மீறிப் பெருக்கினால் அதன் உச்சிகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். மேற்சுரங்கள் திமுதிமுவென்று கிளம்பும். அந்தக் கரகரப்பு அங்கே பிறக்கிறது. கூத்தில் ஊதும் முகவீணையில் கிட்டத்தட்ட இதே வேலையைச் சீவாளி செய்கிறது. வேஷக்காரர் அடியை முடிக்குமுன் முகவீணை அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும், கூடவே மிருதங்கமும் தாளமும், விடிய விடிய. எல்.எஸ்.டி. போட்டுக்கொண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் தேடியது, பாரதக் கூத்தின் முன்னால் மூன்று மணிக்குப் பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு இனாமாகக் கிடைக்கிறது.

இரைச்சல் காஞ்சிக்கு ஆகாது என்பவர்கள் காஞ்சிபுரத்துச் சங்கீத வித்வான் நாயனாப் பிள்ளையை (1889–1934) மறந்துவிட்டார்கள். அவர் மேடையில் மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று ஃபுல் பெஞ்ச் உட்காரும்.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு மேடையேறியபோது பறையும் கானாவும் மின்கிட்டாரும் ஒன்றாக ஒலித்தன. அதில் சைகடெலிக் இல்லை, போகட்டும். தமிழில் உரக்கப் பாடலாம் என்ற தைரியம் இருந்தது. பிங்க் ஃப்ளாய்டைப் பிசகாமல் வாசிக்கும் கல்லூரிக் குழுக்களிடம் நாங்கள் தேடுவதும் அதைத்தான். நகலுக்கு இந்த இதழில் இடமில்லை.

நம் வட்டாரத்தில் யாராவது கிட்டாரோடு முகவீணைக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கிறீர்களா? பதிவை அனுப்புங்கள். செல்போனில் பதிந்திருந்தாலும் போதும். அடுத்த இதழில் விமர்சனம் வரும், தேவைப்பட்டால் திட்டியும் வரும்.