சாதியை இழுத்தது நாங்களா?

“திறமை இருந்தால் பயிற்சியாளர் ஆகலாமே, விளையாட்டில் எதற்குச் சாதி?” என்று சங்கரன்கோவிலில் எங்களிடம் கேட்கிறார்கள். தலித் பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலூ 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தவர். பூனாவில் சாதி இந்துக்கள் அவர் கையில் பந்தைக் கொடுத்தார்கள். தேநீரை மட்டும் வெளியே, மண்குவளையில். இந்து அணியின் தலைவர் பதவியைக் கடைசிவரை தரவில்லை.

அமெரிக்கக் கால்பந்தில் ஆடுவோரில் பாதிக்கு மேல் கறுப்பர். தலைமைப் பயிற்சியாளர்களோ பெரும்பாலும் வெள்ளையர். 2003இல் வந்த ரூனி விதி சிறுபான்மையினரை நேர்காணலுக்கு அழைக்கச் சொன்னது, வேலை கொடுக்கச் சொல்லவில்லை. அந்த அழைப்பே கண்துடைப்பு என்று கறுப்பினப் பயிற்சியாளர் பிரையன் ஃபுளோரஸ் 2022இல் வழக்குப் போட்டார்.

திறமை பேசுகிறவர்களே, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையப் பயிற்சியாளர்களின் சாதிவாரிக் கணக்கை வெளியிடச் சொல்லி எங்களோடு சேர்ந்து கேளுங்கள்.