நம் பெயரில் எத்தனை பலகைகள்?

தண்ணீர்த் தாங்கியில் ஒரு பெயர்ப்பலகை, பிள்ளைக் காம்பராவில் ஒன்று, கக்கூசுச் சுவரிலும் ஒன்று. எல்லாவற்றையும் நாம் "என்ஜிஓ" என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். தோழர்களே, அவை ஒரே வகை அல்ல. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பதிந்தவை உண்டு. கம்பனிச் சட்டத்தின்கீழ் உத்தரவாதக் கம்பனிகளாகப் பதிந்தவை உண்டு. பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அமைத்தவையும் உண்டு.

நமது மரணாதாரச் சங்கமும் இலாபம் பாராத அமைப்புத்தான். அதை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? சாவு வீட்டுக்கு முதலில் வருவது அதன் பந்தலும் கதிரையும். அதன் வரவுசெலவு நம் முன்னால் வாசிக்கப்படுகிறது. நூறு ரூபாய் குறைந்தாலும் பொருளாளரை விடமாட்டோம். தொழிற்சங்கமும் 1935ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி வருடாவருடம் பதிவாளருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும்.

ஆனால் நம் பெயரைச் சொல்லிப் பணம் பெறும் பல அமைப்புகளில் நாம் அங்கத்தவர்கள் அல்ல, "பயனாளிகள்". வரவுத்தாளில் கையெழுத்து வைக்கிறோம், சோற்றுப் பார்சல் வாங்குகிறோம், படத்துக்கு நிற்கிறோம். அறிக்கை மட்டும் ஆங்கிலத்தில் கொழும்புக்குப் போகிறது.

நல்லது செய்தவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் லயத்துக் கூரை ஒழுகினால் பதில் சொல்ல வேண்டியது கம்பனியும் அரசாங்கமும். அது தானமாகக் கேட்கும் விஷயமா?

இனித் தோட்டத்துக்கு வரும் எந்த அமைப்பும் திட்டத்தின் மொத்தச் செலவைத் தமிழில் எழுதிப் பிரட்டுக் களத்தில் ஒட்டட்டும். தொகை எழுதாத தாளில் நாம் கையெழுத்து வைக்கப் போவதில்லை.